பால் மட்டும் போதுமா?

தாயை இழந்த யானைக் கன்றுகளுக்கென உடவளவையில் 1995ஆம் ஆண்டு வனசீவராசிகள் திணைக்களம் அமைத்த இடைத்தங்கல் இல்லத்தில் நான் பயிலுநராகப் பணிபுரிகிறேன். மூன்று மணிக்கொரு தடவை பால் கரைத்தல், புனல் பொருத்திய குழாயால் புகட்டுதல், குழை சுமத்தல், சாணம் அள்ளுதல் ஆகியனவே அன்றாடக் கடமைகள்.

இங்கே அன்புக்கும் ஓர் ஒழுங்குண்டு. கன்றைத் தடவிக் கொஞ்சுதல் ஆகாது. மனிதனை நம்பிப் பழகிய யானை, காடு புகுந்த பின்னும் ஊரைத் தேடிவரும். ஏறக்குறைய ஐந்து வயதிற் கூட்டமாகக் காட்டுக்கு அனுப்பப்படுகையில், அவை எம்மை மறந்திருத்தல் வேண்டும். 1998 முதல் நூற்றுக்கு மேற்பட்டவை அவ்வாறு சென்றுள்ளன.

ஆனால், கன்றுகள் அநாதைகளாவது ஏன்? பன்றிக்கெனப் பூசணிக்காயினுள் மறைத்த வெடி தாய்யானையின் வாயைச் சிதைக்கிறது. உண்ண முடியாமல் அது பசியாலே சாகிறது. வெடி வைத்தவனைக் கொடியவன் என ஏசுதல் எளிது. கடன்பட்டு விதைத்த சேனை ஓரிரவில் அழிந்தால், அவன் பிள்ளைகளுக்குப் பால் கரைப்பவர் யார்? 2023இல் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர்.

யானைகளின் வழித்தடங்களை மறித்துத் திட்டங்கள் வகுத்தோர் தொலைவில் இருக்கின்றனர். மோதிக்கொள்வனவோ பசித்த இரு வயிறுகள். அழிந்த பயிருக்கு உரிய நட்டஈடு, வயலைச் சுற்றிப் பருவகால மின்வேலி, நிலத்தைப் பற்றிய முடிவுகளிற் கமக்காரனின் குரல் ஆகிய இவை கிட்டும்வரை எமது பாற்கலங்களுக்கு ஓய்வில்லை.