பதுவைக்கு முன் ஒரு நிலையம்

தாம்பரத்தில் இளவேனில் என்ற ஒன்றைத் தனியே கண்டவர் எவருமிலர். மார்கழிக் குளிர் விலகினால் மாசியிலேயே வெயில் வந்துவிடும்; பங்குனியில் வேம்பு பூக்கும்போது மின்விசிறிகள் ஓய்வின்றிச் சுழன்றுகொண்டிருக்கும். அதனால்தானோ என்னவோ, இத்தாலியின் பதுவை நகருக்குத் திருப்பயணம் போவதென்று கணவனும் மனைவியுமாக நாங்கள் முடிவு செய்தபோது, இளவேனிலில்தான் போகவேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழவில்லை. ஜூன் 13 புனித அந்தோணியாரின் திருவிழா நாள். ஆனால் அப்போது கூட்டமும் மிகுதி, கோடையும் தொடங்கிவிடும். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்வரும் ஏப்ரல் நாள்களில் பகல் வெப்பம் ஏறக்குறைய 18 பாகைதான். 1545-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்துக்கென அமைக்கப்பட்ட தாவரத் தோட்டமும் அப்போது துளிர்த்திருக்கும்.

பதுவை எங்களுக்கு அயலூர் அன்று. எங்கள் அம்மா முப்பது ஆண்டுகளாகச் செவ்வாய்தோறும் தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, ஆர்மீனியன் தெருவிலுள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்துக்குச் சென்று வந்தவர். மக்கள் நாவில் அது 'அந்தோணியார் கோவில்'. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். புனிதர் மறைந்தது 1231-இல். சரியாக எழுநூறு ஆண்டுகள். இதைச் சொன்னபோது, "அவரே நமக்காக விட்ட ரயிலுன்னு வச்சுக்கோங்க" என்று அம்மா சிரித்தார். இப்போது அவருக்கு வயது 81. முழங்கால்கள் இடங்கொடாததால், சேலையூர் வீட்டில் அந்தோணியார் சுரூபத்தின் முன் அமர்ந்தே செவ்வாய் செபத்தை முடித்துக்கொள்கிறார்.

இரவு செபமாலை முடிந்ததும் நாங்கள் ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்வோம். விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னர் விண்ணப்பிக்க இயலாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கின் வரவு செலவைக் காட்டவேண்டும். வெனிஸ் நகரில் இறங்கினால் பதுவை சுமார் 40 கிலோமீட்டர். ரயிலில் அரைமணி நேரம். இவ்வாறு பக்கங்கள் நிறைந்துகொண்டே வந்தன.

ஊரைப் பற்றிப் படிக்கப் படிக்க வியப்பும் வளர்ந்தது. பதுவையின் பெயரைத் தாங்கிய அப்புனிதர் பிறந்தது பதுவையில் அன்று, லிஸ்பன் நகரில். இறந்து ஓராண்டு நிறைவதற்குள் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. 1232-இல் பேராலயப் பணி தொடங்கியது. 1263-இல் திருவுடலைப் புதிய ஆலயத்துக்கு மாற்றியபோது, அவருடைய நாவு மட்டும் அழியாதிருந்ததைப் புனித பொனவெந்தூர் கண்டார். அந்நாவு இன்றும் அங்கே பேணப்படுகிறது. கல்லறைப் பீடத்தின் பின்புறத்துப் பளிங்குக் கல்லின்மேல் கைவைத்து மக்கள் மன்றாடுகின்றனர். அந்தக் கல்லில் நாமும் கைவைப்போம் என்ற எண்ணமே எங்களுக்கு இனித்தது.

அதே நகரில் ஸ்க்ரோவேனி சிற்றாலயம் இருக்கிறது. ஜொத்தோ என்னும் ஓவியர் சுவர் முழுவதும் தீட்டிய திருக்காட்சிகளைக் கொண்ட அச்சிற்றாலயம் 1305-இல் நேர்ச்சி செய்யப்பட்டது. முன்பதிவின்றி உள்ளே போக முடியாது. ஓவியங்களை ஈரக்காற்று கெடுத்துவிடாதபடி, வருகிறவர்களைக் கால்மணி நேரம் ஓர் அறையில் காத்திருக்கச் செய்தபின்னரே உள்ளே விடுகின்றனர். கடுவட்டி வாங்கிய தந்தையின் பாவத்துக்குப் பரிகாரமாக மகன் எழுப்பிய ஆலயம் அது என்பது வழிவழி வரும் செய்தி. அதற்கு ஒரு தலைமுறைக்கும் முன்பே, 1231 மார்ச்சில், அந்தோணியாரின் வேண்டுகோளை ஏற்று, தம் உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளிகளைச் சிறையிலடைக்கலாகாது என்று பதுவை நகராட்சி சட்டம் இயற்றியிருந்தது. 'கடன் தீர்ந்தவர்களின் நகரம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அந்தச் சொற்கள் யாரை நோக்கியவை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒருநாள், நாங்கள் படித்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா மெல்லக் கேட்டார்: "பெரியவன் கேட்ட சாமிய இங்க வச்சுக்கிட்டு, அங்க போய் அந்தோணியார்கிட்ட என்ன கேக்கப் போறீங்க?"

பெரியவர், எங்களுள் ஒருவருக்கு அண்ணன், மற்றவருக்கு மூத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தந்தையார் மறைந்து வீடு பங்கிடப்பட்டபோது, அவர் பணத்துக்கு வாதாடவில்லை. தந்தையார் தம் முதல் ஊதியத்தில் வாங்கிய அந்த மரச் சுரூபத்தை மட்டும் கேட்டார். அம்மா எங்களோடு இருப்பதால் சுரூபமும் எங்களோடுதான் இருக்கும் என்றோம். சொன்னது அவ்வளவோடு நின்றிருந்தால் ஆறிப்போயிருக்கும். அம்மாவைப் பாராதவருக்கு அந்தோணியார் எதற்கு என்றும் கேட்டுவிட்டோம். அன்றோடு பேச்சு நின்றது. அவர் வீடு பெருங்களத்தூரில் இருக்கிறது. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையம்.

இந்த ஒன்பது ஆண்டுகளும், இழந்த உறவைத் தேடித் தரும்படி செவ்வாய்தோறும் மன்றாடித்தான் வந்தோம். காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் அல்லவா அவர்? அந்தப் பக்தி எங்கிருந்து எழுந்தது என்பதற்கு ஒரு மரபுக் கதை உண்டு. அந்தோணியாரின் திருப்பாடல் நூலை இளந்துறவி ஒருவர் எடுத்துக்கொண்டு மடத்தை விட்டுப் போய்விட்டாராம். புனிதர் மன்றாட, எடுத்தவர் மனம் மாறித் தாமே திரும்பி வந்து நூலைக் கொடுத்தாராம். சிறுவயது முதல் கேட்ட கதைதான். ஆனால் அதில் இழந்தவரின் இடத்திலேயே நாங்கள் எப்போதும் நின்றிருந்தோம். அன்றிரவுதான் நூலை எடுத்துச் சென்றவரின் இடத்தில் எங்களை வைத்துப் பார்த்தோம். நாங்கள் தேடியது தொலைந்துபோகவில்லை. திருப்பிக் கொடுக்கவேண்டியது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

அடுத்த செவ்வாய் மாலை, அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் சுரூபத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் புறப்பட்டோம். விசா விண்ணப்பத்தில் எத்தனையோ வினாக்களுக்கு விடை எழுதியிருந்த எங்களுக்கு, அவர் வீட்டு வாசலில் என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. கதவைத் திறந்த அண்ணன் எங்களைப் பார்த்தார். பின்னர் புடவை மூட்டையைப் பார்த்தார். "அன்னைக்கு நாங்க பேசினது தப்பு அண்ணே" என்பதற்குமேல் எங்களுக்கும் வார்த்தை வரவில்லை. அவர் மூட்டையை வாங்கிப் பிரித்து, குழந்தை இயேசுவின் தேய்ந்துபோன விரல்களை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அண்ணி காப்பி கொண்டுவந்தார். விடைபெறும்போது அண்ணன், "அங்க ஏப்ரல்லயும் காலையில குளிருமாம். மப்ளர் வச்சிருக்கீங்களா?" என்றார். அம்மா தொலைபேசியில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அண்ணன் இன்னும் சேலையூர் வீட்டுக்கு வரவில்லை. செவ்வாய் மாலைகளில் வெற்று அலமாரியின் முன் அமரும் அம்மா, வாசற்கதவைத் தாழிடவேண்டாம் என்கிறார். காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு முதலில் சகோதரரிடம் போகச் சொன்ன ஆண்டவர், அங்கே நமக்கு என்ன வரவேற்புக் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

விமானச் சீட்டு இன்னும் பதிவு செய்யவில்லை, பயணம் உறுதிதான். பளிங்குக் கல்லின்மேல் கைவைக்கும்போது சொல்லவேண்டிய பெயர்களைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறோம். அண்ணன் பெயர் அதில் முதலாவதாக இருக்கிறது. திருப்பயணம் போக எண்ணும் வாசக அன்பர்கள், புறப்படுமுன் தங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.