தலைச்சுமை அளவு

எங்கள் மதுரை வீட்டுப் பரண்மேல் ஒரு பித்தளைப் பானை இருக்கிறது. ஆண்டு முழுவதும் அதை யாரும் தொடுவதில்லை. ஆடி பிறந்ததும் அம்மா அதை இறக்கச் சொல்வாள். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைப்பாள். வைகைக் கரைக்குக் குடிவந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் குலதெய்வம் மட்டும் தாமிரவருணிக் கரையை விட்டு வரவில்லை.

பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றுக்குச் செல்லும் வழியில், ஆற்றங்கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். மதுரையிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். கோயில் இருக்கும் காடு முண்டந்துறை. 1962இல் அது புலிகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1988இல் களக்காட்டையும் சேர்த்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். அந்தக் காப்பகத்தின் நடுவே ஆடி அமாவாசையை ஒட்டி இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அவர்களில் பலர் ஆற்றங்கரையில் குடில் கட்டித் தங்கி, தாமே சமைத்து உண்கிறார்கள். நாங்களும் அவர்களில் ஒரு குடும்பம்.

எனக்கு நினைவிருக்கும் முதல் குடில் 1986ஆம் ஆண்டினதாக இருக்க வேண்டும். அப்போது எனக்கு ஏழு வயது. நாங்கள் அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்தோம். நீர்மருது மரங்களுக்கு அடியில் நான்கு மூங்கில் கழிகள், மேலே தென்னங்கீற்று, தரையில் வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டார் என்று நான்கு குடும்பங்கள் அந்த ஒரு கூரைக்குக் கீழே படுத்திருந்தோம். வெளியே மூன்று கல் கூட்டி அடுப்பு. முதல் நாள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரை. மறுநாள் அய்யனாருக்குச் சைவப் பொங்கல். அதன்பிறகு காவல் தெய்வங்களுக்குக் கிடா. இருட்டிய பிறகு சிறுவர்கள் ஆற்றுப்பக்கம் போகக்கூடாது என்பது கட்டளை. இரவில் எங்கோ வில்லுப்பாட்டு ஒலிக்கும். உடுக்கையும் குடமும் ஆற்றின் இரைச்சலோடு கலந்து வர, பாதிக் கதையில் தூங்கிப்போவேன்.

அந்தக் கதை முத்துப்பட்டனுடையது என்று பின்னாளில் முதுகலை படித்தபோதுதான் அறிந்தேன். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, ஆநிரை காக்கும் போரில் மாண்டு, பட்டவராயனாகத் தெய்வமானவன் அவன். அவன் சந்நிதியில் இன்றும் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. அதை நூலகத்தில் வாசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கதையன்று, ஒரு காட்சி. எங்கள் அடுப்பு அணைந்துவிட, அம்மா ஓட்டுச்சில்லை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குடிலுக்குப் போய்த் தணல் வாங்கி வந்தாள். அவர்கள் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கவில்லை. ஊரில் அம்மா அப்படித் தணல் வாங்கி நான் பார்த்ததில்லை.

நாங்கள் மதுரைக்கு வந்த பிறகும் ஆடி அமாவாசை தவறவில்லை. ஆனால் போகும் விதம் மாறிற்று. முதலில் பேருந்து, பிறகு வாடகைக் கார், பிறகு வேன். 2009இல் இரண்டு வேன்களில் முப்பத்துநான்கு பேர் போனோம். மூன்று நாள் தங்கல். ஒரு மூட்டை அரிசி, எரிவாயு உருளை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மெத்தைகள், தெர்மோகோல் தட்டுகள், தண்ணீர்ப் பொட்டலங்கள் நிறைந்த சாக்குகள். ஒரு கல்யாணத்துக்கு உரிய அத்தனையும் வேனின் கூரைமேல் இருந்தன. உறவினர் முன்னிலையில் சோறு குறைந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு வேளையும் பத்துப் பேருக்குக் கூடுதலாகப் பொங்கினோம். மிஞ்சியதைக் குடிலுக்குப் பின்னே கொட்டினோம்.

மறுநாள் விடியலில் பல் துலக்க எழுந்தபோது, கொட்டிய இடத்தில் ஒரு காட்டுப்பன்றி நின்றிருந்தது. என்னைக் கண்டு அது ஓடவில்லை. சாம்பார் வாசம் ஒட்டியிருந்த ஒரு பாலித்தீன் பையை மெல்ல மென்று விழுங்கியது. நான் கல்லெடுத்து எறிந்தேன். பையின் பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மறுபாதி வாயிலிருந்து தொங்க, அது புதருக்குள் நடந்துபோயிற்று. முந்தைய வாரம்தான் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை நடத்தியிருந்தேன். பாலை என்பது தனியொரு நிலமன்று, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பை இழக்கும்போது தோன்றுவது என்று மாணவர்களுக்கு விளக்கியிருந்தேன். அந்த இயல்பை இழக்கச் செய்வது கதிரவனின் வெம்மை மட்டுமன்று என்பதை நான் சொல்லியிருக்கவில்லை.

எங்களைப் போலவே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் வேன் கிடைத்திருந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பிளாஸ்டிக் கூடாது, ஆற்றில் சோப்பும் ஷாம்பூவும் கூடாது, தங்கும் நாட்கள் குறைவு, தனியார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஒவ்வொரு விதி வரும்போதும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது.

அண்ணனின் கட்சி எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. "புலி வந்தது இவங்க கணக்குல 1962. நம்ம சாமி எப்ப வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நம்ம சாமியைப் பார்க்க நாம எதுக்குத் தம்பி நாள் கணக்குக் கேட்கணும்?" என்பான். அந்தக் காடு சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாக இருந்தபோதும் நம் பாட்டன்மார் குடில் கட்டினார்கள். ஜமீன் போன பிறகும் கட்டினார்கள். நம்மோடு அது நிற்கவேண்டுமா என்பது அவன் கேள்வி.

நான் விரிவுரையாளனுக்கே உரிய தோரணையில் பதில் சொல்வேன். கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை போகும் ஈழத்து அடியார்களை எடுத்துக்காட்டுவேன். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நடந்து வருகிறவர்கள் உகந்தை முருகன் கோயிலில் கூடுகிறார்கள். அதற்கப்பால் குமண, யால தேசியப் பூங்காக்களின் வழியே காட்டுநடை. அந்தப் பாதையை அரசு குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே திறந்துவிடுகிறது. காட்டில் கழியும் நாட்களுக்கான அரிசி பருப்பைத் தாமே சுமந்துபோய், தங்குமிடத்தில் தாமே சமைத்து உண்டு, யானையும் சிறுத்தையும் உலவும் இடத்தில் படுத்தெழுந்து போகிறார்கள். நாள் கணக்கு இருப்பதால் அவர்களுடைய பக்தி குறைந்துவிட்டதா என்று கேட்பேன். "அவங்க நடந்து போறாங்க. நீ ஏசி கார்ல போறே" என்பான் அண்ணன். அதோடு என் வாதம் முடிந்துவிடும். இந்தச் சண்டைகளில் அம்மா எந்தப் பக்கமும் பேசியதில்லை.

2024இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4ஆம் தேதி வந்தது. கொரோனாவுக்குப் பிறகு நாங்கள் போகவில்லை. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. இந்த முறை போயே ஆகவேண்டும் என்றாள். காரை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்தில்தான் கோயிலுக்குச் செல்ல வேண்டும். அண்ணன் கடுப்பாகிவிட்டான். "பஸ்ல எத்தனை சாமானை ஏத்த முடியும்? அங்க போய் என்னத்தைப் பொங்க? போய்க் கும்பிட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான்."

அம்மா ஒன்றும் சொல்லாமல் பித்தளைப் பானையைக் கூடத்தில் வைத்தாள். அதற்குள் பச்சரிசி இரண்டு படி, ஒரு துணி முடிப்பில் பாசிப்பருப்பு, வெல்லம், ஒரு தேங்காய், உப்பு, தீப்பெட்டி. இன்னொரு பையில் ஆறு பேருக்குப் புளியோதரை, வாழை இலைகள், இரண்டு போர்வைகள். தனியே ஒரு சிறு விறகுக்கட்டு. அண்ணனை அழைத்தாள்.

"தூக்கிப் பாரு. மூச்சு வாங்குச்சுன்னா ஒண்ணை எடுத்துரு."

அவன் தண்ணீர்க் கேனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அம்மா சிரித்துவிட்டாள். "ஏலே, ஆத்தங்கரைக்குப் போயிட்டு யாராவது தண்ணியைச் சுமப்பாங்களா? காய்ச்சிக் குடிச்சாப் போச்சு."

பேருந்தில் பானை என் மடியில் இருந்தது. சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். எங்களிடம் எடுத்துவைக்க எதுவும் இல்லை. மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கியபோது அம்மா வெளியே பார்த்தபடி பேசத் தொடங்கினாள்.

"எங்கய்யா காலத்துல பாவநாசம் வரைக்குந்தான் மாட்டுவண்டி. அதுக்கு மேல நடைதான். நடக்கிற ஒவ்வொருத்தர் தலையிலயும் ஒரு சுமை. எனக்கு ஏழு வயசு. உப்பும் மொளகாயும் என் பொறுப்பு. மழை வந்தா உப்பு கரைஞ்சிரும்னு பாவாடைக்குள்ள வச்சுப் பொத்திக்கிட்டு நடப்பேன். தலையில எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான் சாப்பாடு. ரெண்டு நாளோ மூணு நாளோ, கொண்டுபோன அரிசி இருக்க வரைக்கும் இருப்போம். அரிசி தீந்துட்டா அய்யனார் உத்தரவு குடுத்துட்டார்னு கெளம்பிருவோம்."

அண்ணன் முன்னிருக்கையில் இருந்தான். திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. வேன்களில் போன ஆண்டுகளையே நாங்கள் மரபு என்று எண்ணி, அந்த மரபு பறிபோவதாகச் சண்டையிட்டிருக்கிறோம். அது எங்கள் தலைமுறையின் வழக்கம்; இருபது ஆண்டு வயதுகூட அதற்கு இல்லை. அம்மாவின் பழைய வழக்கத்தில் அளவு உள்ளேயே இருந்தது. கழுத்து தாங்கும் பாரத்துக்கு மேல் யாரும் காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகாததைக் கொட்டிவிட்டு வரவும் முடியாது. அந்த அளவை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது வேனின் கூரை. பேருந்து அதைத் திருப்பிக் கொடுத்திருந்தது. யார் போட்டது என்று பார்த்து ஒரு விதியை வெறுத்தோமே தவிர, அது எதைப் போன்றது என்று பார்க்கவில்லை. அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

இதைக் கனவுபோல் எழுதிவிடக்கூடாது. அன்று ஆற்றங்கரை அமைதியாக இல்லை. கண்ணுக்கெட்டிய வரை கூடாரங்கள், ஒலிபெருக்கி, வரிசை, நெரிசல். விதிகளையும் மீறி எப்படியோ உள்ளே வந்துவிட்ட பைகள் கரையில் கிடந்தன. இத்தனை பேர் நடுவே எங்கள் ஒரு பானையின் சிக்கனத்தால் காட்டுக்கு என்ன ஆகிவிடும் என்ற எண்ணமும் வந்தது. அண்ணனின் கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. சாமியைப் பார்க்க நாள் குறித்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்பதில் உள்ள உறுத்தல் நியாயமானதுதான். அது எனக்கும் இருக்கிறது.

இரவு புளியோதரையை முடித்துவிட்டு ஒரே போர்வைக்குள் இரண்டிரண்டு பேராகச் சுருண்டோம். விடியற்காலையில் அம்மா மூன்று கற்களை அவளே தேடி எடுத்து வைத்தாள். குந்த முடியாததால் அடுப்பை அண்ணன் பார்த்துக்கொண்டான். அரிசி களையும் பதத்தையும் வெல்லம் இடும் நேரத்தையும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். விறகு ஈரம்பட்டுப் புகைந்தது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெண் எரியும் சுள்ளி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் அடுப்பில் செருகிவிட்டுப் போனாள். பொங்கல் பொங்கியது. படைத்தோம். ஆறு பேரும் உண்டது போக, சுள்ளி கொடுத்தவர்களுக்கு ஓர் இலையில் கொடுத்தோம். பானையின் அடியில் ஒட்டியிருந்ததை அண்ணன் கரண்டியால் சுரண்டித் தின்றான்.

அவன் மூன்று நாள் தங்கவேண்டும் என்று ஆண்டுதோறும் வாதிடுகிறவன். பானைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு அம்மாவிடம், "அரிசி தீந்துட்டும்மா" என்றான்.

அம்மா அய்யனார் இருந்த திசையில் கைகூப்பினாள். அவன் பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பேருந்து நிற்கும் இடத்தை நோக்கி முன்னே நடந்தான்.