பழுதடைந்த பெட்டியும் உம்மாவின் குரலும்

மனிதன் செய்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. எங்கள் வீட்டு அம்மி மூன்று தலைமுறைக்கு உழைத்தது. தையல் இயந்திரம் இரண்டு தலைமுறையைக் கண்டது. பின்னர் வந்த கணினியோ ஐந்தாறு ஆண்டுகளிலேயே முதுமை எய்திவிட்டது. அம்மி தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். தையல் இயந்திரம் முரண்டு பிடித்தால் எண்ணெய் விடலாம். கணினி நின்றுபோனால் மட்டும் நெஞ்சு பதறுகிறது. அம்மியிடம் நாம் எதையும் நம்பி ஒப்படைத்ததில்லை. கணினியிடமோ குடும்பத்தின் பாதி நினைவுகளை ஒப்படைத்திருக்கிறோம்.

2012ஆம் ஆண்டுக் கோடை தொடங்கி மறு ஆண்டுக் கோடை முடிவதற்குள் எங்கள் வீட்டுக் கணினி ஐந்து முறை பழுதடைந்தது. ஒன்றைச் சீர் செய்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அந்த ஓராண்டில் நான் அறிந்துகொண்டவை, இத்தகைய பெட்டியை வீட்டில் வைத்திருக்கும் பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்பெட்டியில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் உம்மா 2010ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில், மாலை வேளைகளில் அவர்கள் அருகில் அமர்ந்து, பேசவைத்து, பாடவைத்துப் பதிவு செய்திருந்தேன். எல்லாம் சேர்ந்து 11 மணி நேரம் இருக்கும். தாலாட்டுகள், கல்யாண வீட்டுப் பாட்டுகள், விடுகதைகள், வட்டிலப்பம் அவிக்கும் பக்குவம், வாப்பா பினாங்கில் கடை நடத்திய காலத்துச் செய்திகள், ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்னும் உறவு விவரங்கள் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. அவை என் கணினியில் மட்டுமே இருந்தன. அதற்குக் காரணம் என் லாத்தா.

“உம்மா இருந்த காலத்தில் அவர்கள் குரலை அயல் ஆடவர் கேட்டதில்லை. நடுக்கூடத்துக்கு ஆள் வந்தால் அவர்கள் பேச்சு அடுக்களையோடு நின்றுவிடும். அப்படிப்பட்டவர்களின் குரலை ஊர் ஊராக அனுப்பலாமா, தம்பி? உன்னிடமே இருக்கட்டும்” என்று லாத்தா சொல்லியிருந்தார்கள். மூத்தவர்களின் சொல், அதிலிருந்த உணர்வும் மதிக்கத்தக்கது. ஆகவே குரல் என்னிடமே இருந்தது.

முதலில் மாண்டது யு.பி.எஸ். பேட்டரி. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டைத் தமிழகம் மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே, எங்கள் கீழக்கரை போன்ற ஊர்களில் மின்சாரம் நாள்தோறும் பல மணி நேரம் இல்லாமற்போயிற்று. வீட்டு யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி, மின்சாரம் நின்றதும் சில நிமிடங்கள் தாங்கி, வேலையை முடித்து அணைக்க நமக்கு அவகாசம் தருவதற்காக அமைந்தது. அதை நாளுக்குப் பலமுறை முற்றிலும் வடியவிட்டால், உள்ளே ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். பின்பு எவ்வளவு மின்னேற்றினாலும் அது நிலைத்து நிற்காது. இரண்டு மூன்று ஆண்டுகள் வரவேண்டிய பேட்டரி ஒரு கோடைக்குள் ஓய்ந்தது. புதியது வாங்கிப் பொருத்தினோம்.

இரண்டாவது பழுது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றிக் கணினியின் உறுப்புகளுக்குப் பங்கிட்டுத் தருவது அதுதான். நின்ற மின்சாரம் திரும்பும்போது சீராக வருவதில்லை. ஏறியும் இறங்கியும் அதிர்ந்தே வரும். அத்தகைய ஓர் அதிர்வில் கருகிய வாடை எழுந்தது, பெட்டி அணைந்தது.

பழுது பார்க்க வந்த இளைஞர் வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொருத்திப் பார்த்துக் குற்றம் இன்னதென்று உறுதி செய்தார். அதோடு நில்லாமல் மீட்டரை எடுத்துச் சுவரிலுள்ள பிளக்கையும் சோதித்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குமேல் இருக்கலாகாதாம். எங்கள் வீட்டில் அதைவிடப் பன்மடங்கு இருந்தது. “காக்கா, பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் எர்த் சரியில்லை என்றால் நிலைக்காது” என்றார். கடலோர மணல் பூமி கோடையில் ஈரத்தை இழந்துவிடுகிறது. ஈரமற்ற மண்ணில் மின்சாரம் இறங்குவதில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டுப் புதுப்பித்தோம். இன்றளவும் கோடையில் அக்குழிக்கு ஒரு குடம் நீர் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

மூன்றாவது பழுது அச்சுறுத்தியதோடு சரி. ஒரு காலை கணினியை இயக்கியபோது திரை இருண்டே கிடந்தது. பெட்டியினுள்ளிருந்து நீண்ட ‘பீப்’ ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. நினைவகம், அதாவது ‘ராம்’, தன் இருப்பிடத்தில் சரியாகத் தொடர்பு கொள்ளவில்லை என்பதை அறிவிக்கும் ஒலியாம் அது. உப்புக் காற்றும் ஈரமும் தொடுமுனைகளில் மெல்லிய கறையைப் படியவைத்திருந்தன. அவ்விளைஞர் என் பேரனின் பையிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பரை வாங்கி, அந்த முனைகளை மெல்லத் தேய்த்து, துடைத்துச் செருகினார். திரை ஒளிர்ந்தது. கூலி வாங்க மறுத்துத் தேநீர் மட்டும் அருந்திவிட்டுச் சென்றார்.

நான்காவது பழுதுதான் எங்கள் குடும்பத்தில் ஒரு மாற்றத்தை உண்டாக்கியது. கணினி காரணமின்றித் தானே அணைந்து அணைந்து எழத் தொடங்கிற்று. மூடியைத் திறந்து பார்த்தபோது, மதர்போர்டில் நின்ற சிறு உருளைகள் சிலவற்றின் தலைப்பகுதி உப்பியிருந்தது. ஒன்றிலிருந்து பழுப்பு நிறக் கசிவும் தெரிந்தது. அவை மின்சாரத்தைத் தேக்கிச் சீராக விடும் கெப்பாசிட்டர்கள். கடைக்காரர்கள் வாயில் கண்டென்சர். உள்ளிருக்கும் திரவம் சீர்கெட்டு வாயு உண்டானால், பெருவெடிப்பு நிகழாதபடி தலைப்பகுதி பிளந்து வழிவிட வேண்டும் என்பதற்காகவே அங்கே கீறல் இட்டிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில், திரவக் கலவையில் நேர்ந்த குறையால் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் இவ்வுருளைகள் உரிய காலத்துக்கு முன்பே உப்பிப் பழுதாயின. எங்கள் பெட்டியும் பழைய பெட்டியே. வெப்பமும் இவற்றுக்குப் பகை. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. மின்வெட்டுக் கோடையில் விசிறியும் ஓடாத எங்கள் அறையை எண்ணிப் பாருங்கள்.

அன்று லாத்தா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கதவோரம் நின்று உப்பிய உருளைகளைப் பார்த்துவிட்டு, “இந்தப் பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?” என்று அவ்விளைஞரைக் கேட்டார்கள்.

“சொல்ல முடியாது லாத்தா. இந்தக் கண்டென்சரை மாற்றிவிடலாம். போர்டே போனாலும் வேறு போர்டு கிடைக்கும். ஹார்டு டிஸ்க் போனால்தான் உள்ளே இருப்பது போகும்.”

“போவதற்கு முன் தெரியுமா?”

அவர் தயங்கினார். நான் படித்ததைச் சொன்னேன். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளைக் கண்காணித்து 2007ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டிஸ்க் தன் நலிவைத் தானே பதிந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று அதனுள் உண்டு. ஆயினும் பழுதானவற்றுள் 56 விழுக்காட்டில் முக்கியமான நான்கு முன்னறிகுறிகளில் ஒன்றேனும் தென்படவில்லை. அதாவது, பாதிக்கு மேற்பட்டவை அந்த எச்சரிக்கை இன்றியே இறந்தன.

லாத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். “உம்மா தங்கள் நகைகளைக்கூட ஒரே அலமாரியில் வைத்துவிட்டுப் போகவில்லை. பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தானே போனார்கள்? குரலையும் அப்படியே பிரித்துக் கொடுத்துவிடு. ஆனால் உம்மா பெற்ற பிள்ளைகள் கையைத் தாண்டி அது போகக் கூடாது” என்றார்கள்.

நாங்கள் பிள்ளைகள் நால்வர். 11 மணி நேரப் பதிவையும் நான்கு படிகளாக்கினேன். ஒன்று என்னிடம், ஒன்று லாத்தாவின் வீட்டு இரும்புப் பெட்டியில், ஒன்று கொழும்பில் வாழும் தங்கையிடம், ஒன்று பினாங்கிலிருக்கும் தம்பியிடம்.

ஐந்தாவது பழுது 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்தது. ‘டக், டக்’ என்று ஓர் ஒலி. இறந்தது ஹார்டு டிஸ்க். நம் மேசைக் கணினிகளில் இருந்த டிஸ்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வது. அந்த வேகத்தில் அதன் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் விரைகிறது. அதைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமன் அந்த இடைவெளியைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. இவ்வளவு நுண்மையான ஒன்று ஆண்டுக்கணக்கில் ஓடியதே வியப்பு! தூசியற்ற தனி அறையில் டிஸ்கைத் திறந்து மீட்டுத் தருவோர் பெருநகரங்களில் உண்டு. அவர்கள் கேட்ட தொகையில் இரண்டு புதிய கணினிகள் வாங்கலாம்; அவ்வளவு கொடுத்தாலும் மீளுமென்று உறுதி இல்லை.

நான் அவர்களிடம் செல்லவில்லை. அம்மாதத்துப் படங்கள் சில போயின, போகட்டும். லாத்தாவின் வீட்டுக்குச் சென்று இரும்புப் பெட்டியிலிருந்த படியை வாங்கி வந்தேன். புதிய டிஸ்கில் உம்மாவின் குரல் மீண்டும் ஒலித்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் இழப்பிலிருந்து தப்பினோம் என்ற நிறைவோடு இருந்திருப்பேன். ஆனால் நான் எதிர்பாராத வரவு ஒன்று உண்டாயிற்று. குரல் என்னிடம் மட்டும் இருந்தபோது அதைக் கேட்டவன் நான் ஒருவனே. நால்வரிடமும் சென்ற பின்னர், கொழும்புத் தங்கை தாலாட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஏட்டில் எழுதினாள். எனக்கு விளங்காத நான்கு சொற்கள் உம்மம்மா வழியில் வந்த சமையற்கட்டுச் சொற்கள் என்று விளக்கினாள். பினாங்குத் தம்பி, வாப்பாவின் கடை இருந்ததாக உம்மா சொன்ன தெருவைத் தேடிப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். லாத்தாவோ, பதிவில் உம்மா பாதியில் நிறுத்திய ஒரு கல்யாணப் பாட்டின் மீதியைத் தாமே பாடி முடித்தார்கள். அதைப் பதிவு செய்துகொள்ளவும் எனக்கு அனுமதி அளித்தார்கள்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பனையோலை நெடுங்காலம் நிற்பதில்லை. செல்லரிக்கும், ஈரத்தில் மக்கும், நொறுங்கும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842ஆம் ஆண்டில் அச்சேறுவதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓலைகளிலேயே வாழ்ந்தது. ஓலையின் வலிமையால் அது வாழவில்லை. ஒருவர் ஓலை மக்கும் முன் மற்றொருவர் படியெடுத்தார். ஓர் ஊர் ஏடு அழிந்தபோது வேறோர் ஊர் ஏடு இருந்தது. எழுதியோர் பெயரைக்கூட நாம் அறியோம். அவர்களின் கைகளே அந்நூலைக் கரை சேர்த்தன.

இன்றைய பெட்டிகள் மாறிவிட்டன. சுழலும் தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பரவியிருக்கிறது, அதில் அசையும் உறுப்பு இல்லை. எனவே அது இறக்கும்போது ‘டக், டக்’ என்ற ஒலிகூட எழுப்பாது. கைப்பேசியோ கிணற்றடியிலும் பேருந்திலும் நம்மை விட்டுப் பிரியக்கூடியது. ஆகவே விதி பழையதே. பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரவச் செய்த கணக்கு ஒன்று உண்டு: எதற்கும் மூன்று படிகள் வேண்டும், அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இத்துடன் நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு படியையும் திறந்து பார்க்க வேண்டும். திறவாத படி இருக்கிறதா இல்லையா என்று எவராலும் சொல்ல இயலாது.

எங்கள் குடும்பத்தில் அந்த நாள், உம்மா வஃபாத்தான நாள். அன்று நால்வரும் அவரவர் இடத்திலிருந்து தத்தம் படியைத் திறந்து சிறிது நேரம் கேட்கிறோம். எவரேனும் ஒருவருடையது திறக்கவில்லையெனில், மற்ற மூவரில் ஒருவர் அன்றே புதுப்படி எடுத்து அனுப்பிவிடுகிறார். பெட்டிகள் இன்னும் பழுதடையும். 2013ஆம் ஆண்டுக்குப் பின் என் வீட்டில் மட்டும் இரண்டு கணினிகள் மாறிவிட்டன. அவற்றின் பழுது இப்போது என்னிடம் பணத்தையும் பொழுதையும் மட்டுமே கேட்கிறது.