சினார் மரமும் சூடான கஹ்வாவும்

“இலை உதிர்றதைப் பார்க்க ஒரு வாரம் லீவா? நம்ம காம்பவுண்ட் வேப்பமரத்தடியில நின்னா போதாதாப்பா?” என்றார் மேனேஜர்.

போதாது ஸார்! வேப்பமரம் சத்தமில்லாமல் கொட்டிவிடும். சினார் மரம் அப்படியில்லை. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்பாகி, கடைசியில் ரத்தச் சிவப்பில் தீப்பிடித்த மாதிரி நிற்கும். அதைப் பார்க்க அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவுக்குள் ஸ்ரீநகர் போகவேண்டும். அந்தப் பருவத்துக்குக் காஷ்மீரிகள் வைத்திருக்கும் பெயர் ‘ஹருத்’.

துணைக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருஷம் முன்னால் அம்மா போனபோது, மாலை போட ஒரு தனிப் படம் இல்லை. யாரோ வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிசு பண்ணினோம். கேமராவும் கையுமாக ஊரைச் சுற்றுகிற பிள்ளைக்கு எவ்வளவு பெரிய குத்தல்! அப்பாவையாவது நன்றாக நாலு படம் எடுத்துவிட வேண்டும் என்று பார்த்தால், மனுஷர் லென்ஸைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“எதுக்குடா? மாலை போடவா?”

காலையில் நஸீம் பாக். மொகலாயர் காலத்துச் சினார் தோப்பு. இன்று காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. ஒரு சின்ன யோசனை: சூரியனை எதிரே வைத்து, இலைக்கு ஊடாக வெளிச்சம் வரும்படி எடுங்கள். இலை விளக்காக எரியும். ‘ஆட்டோ வொயிட் பாலன்ஸ்’ அந்தச் சிவப்பை வெளிற வைத்துவிடும், ‘டேலைட்’டில் வைத்துவிடுங்கள்.

வழியில் ஒரு கடையில் ரோஜா நிறத்தில் டீ. “பேஷ், சூடா ரோஸ் மில்க்!” என்று அப்பா ஒரு மடக்குக் குடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. அது நூன் சாய். ‘நூன்’ என்றால் உப்பு! பச்சைத் தேயிலையில் சோடா உப்பைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பால் சேர்த்தால் அந்த நிறம் வருமாம்.

சாயங்காலம் நிஷாத் பாக். பின்னால் ஸபர்வான் மலை, முன்னால் தால் ஏரி. மேற்கே இறங்குகிற வெயில் ஏரியைத் தாண்டி வந்து நேராகத் தோட்டத்தின் மேல் விழும். அங்கே சாயங்காலம்தான் கேமராவுக்கு முகூர்த்த வேளை.

வெளியே ஒருவர் சமோவாரோடு நின்றிருந்தார். நடுக் குழாயில் கரி கனல, சுற்றிலும் கஹ்வா கொதிக்கிற செம்புப் பாத்திரம் அது. பச்சைத் தேயிலை, பட்டை, ஏலக்காய், குங்குமப்பூ. மேலே சீவின பாதாம். பால் கிடையாது. அப்பா சந்தேகமாக ஒரு வாய் உறிஞ்சினார். அப்புறம் இன்னொரு வாய். கம்மென்று ஆகிவிட்டார்.

“உங்கம்மா தீபாவளிக்கு பாதாம் பால் பண்ணுவாளே... அந்த வாசனைடா.” கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்தார். பிறகு, “சரி, ஒண்ணு எடு.”

கேமராவைத் தூக்கினேன். பேட்டரி அவுட்! நாள் பூராவும் எடுத்துத் தள்ளியது பாதி, குளிர் மீதி. செல்போன்? ரூமில் சார்ஜில் தூங்குகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இங்க குடு” என்றார் அப்பா. “டிரான்சிஸ்டர் செல்லு வீக்கானா வெயில்ல காயவெப்போமே, மறந்துட்டியா?” பேட்டரியை உள்ளங்கையில் வைத்து, கஹ்வா கிளாஸோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார். குளிரில் சோர்ந்த பேட்டரிக்கு சூடு காட்டினால் கொஞ்சம் உயிர் வரும் என்பது நிஜம்தான். பத்து நிமிஷம். திருப்பிப் போட்டேன். உயிர் வந்தது! ஒரே ஒரு க்ளிக். அவ்வளவுதான், மறுபடி இருட்டு.

ஊர் திரும்பியதும் மேனேஜரிடம் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டினேன். கையில் கிளாஸ், கண்ணாடியில் ஆவி, அப்பாவின் சிரிப்பு.

“இவ்வளவு செலவு பண்ணி... மரமே காணோமேப்பா?”

“அப்பா இருக்காரே ஸார்!”