கைதிகள் வெட்டிய கால்வாய்க் கரையில்

பிரெஞ்சு நாட்டுக்குச் செல்வோர் பாரிசு மாநகரையும் லூர்து திருத்தலத்தையும் கண்டு திரும்புவதே வழக்கம். நாங்கள் மூவரும் அவ்விரண்டையும் முன்னமே கண்டிருந்தமையால், இம்முறை அந்நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரித்தானி மாநிலத்தில், நாந்த் நகரையும் பிரெஸ்த் துறைமுகத்தையும் இணைக்கவென வெட்டப்பட்ட கால்வாயின் கரையோரமாக மிதிவண்டியில் செல்வதென முடிவு செய்தோம். செய்தி கேட்ட நண்பர்கள் நகைத்தனர். நகைத்தது தவறுமன்று, எங்களில் இளையவருக்கே ஐம்பத்திரண்டு வயது. ஆயினும் அப்பாதையில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதையும், ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு என்பதையும் விசாரித்து அறிந்திருந்தோம்.

முதலில் அக்கால்வாயின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது. நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக் கடற்கரையெங்கும் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் காத்து நின்றன. பிரெஸ்த் துறைமுகத்திலிருந்த கடற்படைக்கு உணவும் தளவாடங்களும் கடல்வழியே அனுப்புவது அரிதாயிற்று. எதிரியின் கண்ணில் படாமல் உள்நாட்டு வழியே படகுகள் செல்ல வேண்டுமென்று, ஆறுகள் பலவற்றை ஒன்றோடொன்று கோத்து ஏறத்தாழ 364 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி ஒன்று திட்டமிடப்பட்டது. 1811ல் வேலை தொடங்கிற்று. நான்கே ஆண்டுகளில் நெப்போலியனின் ஆட்சியும் முடிந்தது, போரும் முடிந்தது. வேலை மட்டும் முடியவில்லை. 1842ல் கால்வாய் முழுமையடைந்தபோது, எந்த எதிரிக்கு அஞ்சி அதை வெட்டினார்களோ அந்த எதிரி அங்கே இல்லை.

பின்னர் சில காலம் கூரைக்கான பலகைக் கற்களும் மரமும் சுண்ணாம்பும் அதன் வழியே போயின. இரயில் வந்ததும் அவையும் குறைந்தன. இருபதாம் நூற்றாண்டில் சரக்குப் படகுகள் அடியோடு நின்றுபோயின. பயனற்றது எனக் கைவிடப்பட்டதாலேயே அக்கரைகளில் நெடுஞ்சாலை வரவில்லை, ஆலைகள் பெருகவில்லை. படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் செல்ல அமைத்த கரைப்பாதை அப்படியே எஞ்சிற்று. இன்று நோர்வே நாட்டின் வடமுனையிலிருந்து போர்த்துக்கல் வரை செல்லும் நெடிய மிதிவண்டிப் பாதையின் ஒரு பகுதி இக்கரையில்தான் செல்கிறது.

மே மாதத்தின் நடுவில் ரெதோன் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டோம். 832ல் நிறுவப்பட்ட பழைமையான துறவியர் மடத்தின் ஆலயம் அங்கே உள்ளது. 1780ல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின், அதன் மணிக்கூண்டு ஆலயத்தைவிட்டுப் பிரிந்து தனியே நிற்கின்றது. ஊரின் எல்லை தாண்டியதும் தார்ச்சாலையின் இரைச்சல் நின்றது. சன்னமான கல்லும் மணலும் கலந்து இறுக்கிய சரளைப் பாதை. ஒருபுறம் அசைவற்ற நீர், மறுபுறம் புல்வெளி. சக்கரத்தின் கீழ்ச் சரளை நொறுங்கும் மெல்லிய ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. நீர் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்ற சாம்பல் நிற நாரை, நாங்கள் நெருங்கும்வரை நின்றுவிட்டு, பெரிய மனது பண்ணி நூறு அடி பறந்து மறுபடியும் எங்களுக்கு முன்னே நின்றது. இவ்விளையாட்டு அரைமணி நேரம் நடந்தது.

இத்தகைய பாதைகளுக்குத் தார் போட வேண்டும் என்று கேட்போர் உண்டு. மழைக்காலத்துச் சேற்றை நினைத்தால் அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் எங்கள் எண்ணம் வேறு. சரளைப் பாதையில் எவரும் பறந்து செல்ல முடியாது. எதிரே வருபவரின் முகம் தெரிகிறது; வணக்கம் சொல்ல நேரம் கிடைக்கிறது. குழந்தையைக் கூடையில் வைத்து மிதித்துவந்த ஓர் இளந்தாயும், தூண்டிலோடு அமர்ந்திருந்த முதியவர்களும் எங்களை அயலார் என்று கருதாது வாழ்த்தினர்.

மலெத்ருவா என்னும் ஊரில் பழைய மரவீடொன்றின் முகப்பில் பன்றி ஒன்று இராட்டையில் நூல் நூற்பதாகச் செதுக்கியுள்ளனர். பார்த்துச் சிரித்துவிட்டு மேலே சென்றோம். மறுநாள் ஜொஸ்லேன். ஆற்றிலிருந்து நேரே எழுந்ததுபோல் நிற்கும் மூன்று வட்டக் கோபுரங்களையுடைய கோட்டையை விட, ஊருக்குள் இருக்கும் முட்புதர் அன்னையின் பேராலயமே எங்களைக் கவர்ந்தது. 808ஆம் ஆண்டளவில் உழவர் ஒருவர் முட்புதரை வெட்டுகையில் தேவமாதாவின் சுரூபத்தைக் கண்டெடுத்தார் என்பது மரபு. 1793ல் புரட்சிக் காலத்தில் அச்சுரூபம் எரிக்கப்பட்டது. தீயில் எஞ்சிய துண்டைப் பேணிவைத்துள்ளனர். செப்டம்பர் 8ஆம் நாள் அங்கே பெருந்திரளாக யாத்திரிகர் கூடுவர்.

ரோஆன் என்னும் ஊருக்கு அப்பால் கால்வாய் படிக்கட்டாக மாறுகிறது. நீர் தானாக மேட்டில் ஏறாதல்லவா? ஆகவே மட்டம் மாறும் ஒவ்வோரிடத்திலும் கற்சுவர்களுக்கிடையே ஒரு தொட்டியும், அதன் இரு முனைகளிலும் கனத்த கதவுகளும் அமைத்துள்ளனர். படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து மேலிருந்து நீரை விடுவர். நீரோடு படகும் உயரும். பின் முன்கதவைத் திறந்தால் அடுத்த மட்டம். இவ்வாறான இரட்டை மதகுகள் ரோஆனுக்கும் போந்திவிக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் 54 இருக்கின்றன! ஒவ்வொரு மதகின் அருகிலும் மதகுக்காரரின் சிறு வீடு. மதகுக்கு ஒரு குட்டி மேடு எங்கள் பாதையிலும் உண்டு. முதல் பத்தை எண்ணி மகிழ்ந்தோம். முப்பதுக்குப் பின் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

அத்தகைய வீடொன்றின் முன்னேதான் எங்கள் வண்டியொன்றில் காற்றுப் போயிற்று. கூர்மையான சரளைக்கல் டயரைக் குத்திவிட்டது. தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் வாளியில் நீர் கொணர்ந்து வைத்தார். துளையைக் கண்டுபிடித்து ஒட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் பிரெஞ்சு மொழி அறிந்தவர். ஆதிநாளில் குதிரை வைத்துக்கொள்ள வசதியற்ற படகுக்காரர், தம் மார்பில் பட்டையை மாட்டிக்கொண்டு தாமே படகை இழுத்ததாகவும், மனைவியரும் அவ்வாறே இழுத்ததாகவும் அவ்வம்மையார் கூறினார். "நீங்கள் சுகமாக வந்த இப்பாதை அவர்கள் முதுகு வளைந்த பாதை, ஐயா" என்றவர், சற்று நேரம் கழித்து, "க்ளோமெல் வரை போகிறீர்களா? அங்கே கைதிகள் வெட்டிய அகழியைப் பாருங்கள்" என்றார். பின்னர், நம் தோசையைப் போன்று மெல்லியதாக வார்த்த அப்பம் கொடுத்து அனுப்பினார்.

போந்திவி நகரில் ஒரு பாதி வளைந்து நெளியும் பழைய தெருக்கள். மறுபாதி நெப்போலியன் கோடு கிழித்து அமைத்த நேர்த்தெருக்கள். சில காலம் அந்நகருக்கு அவர் பெயரையே இட்டிருந்தனர். அதற்கு மேற்கே கால்வாய் ஓரிடத்தில் அறுந்துபோகிறது. மின்சாரத்திற்காக 1923 முதல் 1930 வரை கட்டிய கெர்லெதான் அணை அங்கே நிற்கிறது. 17 மதகுகளும் மதகுக்காரர் வீடுகளும் அணையின் ஏரிக்குள் மூழ்கின. 2015ல் பழுதுபார்ப்பதற்காக ஏரியை வடித்தபோது அவை சேற்றிலிருந்து வெளிப்பட்டதையும், அதைக் காண மக்கள் திரண்டு வந்ததையும் அவ்வூரார் இன்றும் வியந்து பேசுகின்றனர். கரைப்பாதையும் நீருக்குள் போய்விட்டதால், அங்கே கைவிடப்பட்ட இரயில் தடத்தின் மீது, காட்டினூடே மிதித்துச் சென்றோம். ஏரியின் மேற்கு முனையில் போன் ரெப்போ மடம் வந்தது. 'நல்ல இளைப்பாறல்' என்று பொருள். 1184ல் சிஸ்தேர்சியன் சபைத் துறவியருக்காக நிறுவப்பட்டு, புரட்சியில் பாழ்பட்டு, அண்மைக் காலத்தில் ஓரளவு சீர்செய்யப்பட்டிருக்கிறது. பெயருக்கேற்ப அங்கே ஒரு முழுநாள் இளைப்பாறினோம். முழங்கால்கள் வேறு வழி விடவில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் க்ளோமெல். கால்வாய் அங்கே 184 மீட்டர் உயரத்தில் தன் உச்சியை அடைகிறது. குன்றைச் சுற்றிப்போக வழியின்மையால், அதைப் பிளந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமாகவும், சில இடங்களில் இருபது மீட்டருக்கு மேல் ஆழமாகவும் அகழி வெட்டியிருக்கின்றனர். 1823 முதல் 1832 வரை, பிரெஸ்த் சிறைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கைதிகளே அதை வெட்டினர். சிவப்புச் சட்டை, கணுக்காலில் இரும்பு வளையம், ஆயுள் தண்டனை பெற்றவருக்குப் பச்சைத் தொப்பி: அச்சிறையின் ஒழுங்கு இது. 'ஏழை படும் பாடு' என்னும் பெயரில் விக்டர் ஹியூகோவின் நாவலைத் தமிழில் படித்தவர்களுக்கு, ரொட்டி திருடிய ஜான் வால்ஜானை நினைவிருக்கும். அவன் இருந்தது துலோன் நகரச் சிறை, அதுவும் கதையில். இங்கே மண் சுமந்தவர்கள் கதைமாந்தர் அல்லர்.

நாங்கள் எதிர்பார்த்தது அச்சமூட்டும் ஒரு பள்ளம். கண்டதோ அவ்வழியிலேயே மிக அழகான இடம். இருபுறச் சரிவிலும் மரங்கள் கிளை கோத்துப் பந்தலிட்டிருந்தன. பச்சை ஒளி நீரில் இறங்கியிருந்தது. குயில் ஒன்று விட்டுவிட்டுக் கூவிற்று. இதை அழகு என்று சொல்லலாமா என்பதே எங்களுக்குள் வழக்காயிற்று. துன்பத்தை மரங்கள் மூடிவிட்டன என்றார் ஒருவர். மூடினால் நாம் எப்படி அறிந்தோம் என்றார் மற்றவர். மூன்றாமவர் பேசவில்லை. அவருடைய தந்தையார் மண்வெட்டும் கூலிவேலை செய்து அவரைப் படிக்கவைத்தவர். வண்டியைச் சாய்த்துவிட்டுச் சரிவில் பாதிதூரம் ஏறிச்சென்று, மேலிருந்து கீழ்வரை நெடுநேரம் பார்த்தார். "ஒரு கூடை மண்ணை இங்கிருந்து மேலே கொண்டுபோக எத்தனை அடி வைத்திருப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

இறங்கிவந்து தொப்பியைக் கழற்றினார். மூவரும் மரித்தோருக்கான செபத்தைச் சொன்னோம். அகழி முடியுமிடத்தில் மறுபடியும் ஒரு மதகு. அங்கிருந்து நீர் மேற்கு நோக்கி இறங்கத் தொடங்குகிறது. மிதிக்கவே தேவையில்லாத அந்த இறக்கத்தில், இருட்டுமுன் கர்ஹே நகரை அடையலாம் என்று வழிகாட்டிப் பலகை கூறிற்று. நாங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.