சமையல் அண்ணனோட ரத்தச் சீட்டு

ஸ்கூடாய்ல நம்ம கோவில் மடப்பள்ளியில் நிக்கிற தொண்டர்கள் நாங்க. இன்னைக்குப் பூஜை நேரம் சொல்ல வரல.

எங்க சமையல் அண்ணனைப் பார்த்திருப்பீங்க. விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார்ல சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பி, ராத்திரி வந்து அன்னதானத்துக்கு அரிசி களையிறவர். "எனக்கு இனிப்பு நீர் இல்ல, ஒண்ணுமில்ல"ம்பார். போன மாசம் அவரை இழுத்துக்கிட்டு நாங்க ஆறு பேரும் வெறும் வயித்தோட கிளினிக் போனோம். (வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற நமக்கு எட்டு மணி நேரம் ஒரு கஷ்டமா?)

அண்ணன் சீட்டு இது: இடுப்பு 98 செ.மீ., ஆசிய ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80. டிரைகிளிசரைடு 2.9, எல்லை 1.7. நல்ல கொலஸ்ட்ரால் 0.9, ஆண்களுக்கு 1.0க்கும் பெண்களுக்கு 1.3க்கும் குறையக்கூடாது. வெறும் வயித்துச் சர்க்கரை 6.0, 5.6லேயே கவனிக்கணும். பிரஷர் 138/88, எல்லை 130/85. இந்த அஞ்சுல மூணு இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம். அண்ணனுக்கு அஞ்சுமே! தனித்தனியா பார்த்தா எதுவும் பயமுறுத்தல. வலியும் இல்ல. ஆனா சேர்ந்து வந்தா மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் வழி திறந்துடுது.

எண்ணெயே அதிகம் தொடாத எங்க அக்கா ஒருத்தருக்கும் டிரைகிளிசரைடு ஏறியிருந்தது. வயித்துக்குள்ள கொழுப்பு சேர்ந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது. மிஞ்சின மாவையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்துல விட்டுடும். அக்காவுக்குச் சோறும் சிரப் தண்ணியும்தான்.

2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியப் பெரியவர்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்கள்ல 31.4. அந்தப் பந்தியில பரிமாறுறது நாங்க. போதும்னு கை மறைச்சவங்களையும் "பிரசாதம், மறுக்கக்கூடாது"ன்னு ரெண்டாவது கரண்டி பாயசம் ஊத்தினதும் நாங்கதான். மன்னிச்சிடுங்க.

சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வழக்கம்போல. உங்களுக்குச் சின்னத் தொன்னையில். சிரப்புக்குப் பதிலா நீர்மோர். "கோவில்லயும் கஞ்சத்தனமா?"ன்னு ஒரு பாட்டி திட்டிட்டாங்க. திட்டட்டும், அவங்க கேட்டா இன்னொரு தொன்னை கொடுக்கத்தான் செய்வோம்.

வர்ற வெள்ளி பூஜை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல அளவு டேப்போட நிப்போம். வேட்டி கட்டுற இடத்துல அளக்க மாட்டோம், அது தொப்பைக்குக் கீழ இறங்கியிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல. ஆண்களுக்கு அண்ணனே அளப்பார், பெண்களுக்கு அக்கா இருப்பாங்க.