பதினைந்து சதவீதம் யார் வீட்டுக் கணக்கு?

"எஞ்சின்ல நூறு குதிரை இருந்தா ரோட்டுக்கு வர்றது எண்பத்தஞ்சுதான்டா." பெரியப்பா இதை ஏதோ பரம்பரைச் சொத்துபோலச் சொல்வார். அவரிடம் அப்போது ஒரு கான்டெஸா இருந்தது, 1817 சிசி இசுசு எஞ்சின் வைத்தது. மீதிப் பதினைந்து எங்கே போகிறது என்று கேட்டால் "கியர் பாக்ஸ் தின்னுரும்" என்பார். எதையும் அளந்து பார்த்து அவர் சொல்லவில்லை. சக்கரத்தை உருளைமேல் ஏற்றி ஓட்டிப் பார்க்கிற டைனோவை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பல வருடம் கழித்து அதே பதினைந்து கோயமுத்தூரில் ஒரு டியூனிங் பட்டறையில் என் ஸ்விஃப்டின் தாளில் வந்து உட்கார்ந்தது. சக்கரத்தில் கிடைத்தது 70 குதிரைத்திறன் என்று இயந்திரம் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பையன் பேனாவால் 'எஞ்சின் 82' என்று எழுதினான்.

"எப்படி தம்பி?"

"0.85-ஆல வகுத்தேங்ணா. எல்லாரும் பண்றதுதான்."

எல்லாரும் அப்படிப் பண்ணுவதில்லை. இன்னொரு பட்டறையில் 1.15-ஆல் பெருக்குகிறார்கள். அதன்படி எண்பதரைதான் வரும். இருவரும் பதினைந்து என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் எஞ்சின் கணக்கில் பதினைந்து எடுக்கிறார், மற்றவர் சக்கரக் கணக்கின்மேல் பதினைந்து வைக்கிறார். ஏன் பதினைந்து, ஏன் பன்னிரண்டு இல்லை என்றேன். "பதினஞ்சு போட்டாத்தாங்ணா கம்பெனி சொல்ற 83 கிட்ட வருது" என்றான். விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற கணக்கைத் தேடுவதுதானே இது! வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் போடுகிற திருத்தத்தையாவது அன்றைய காற்றை அளந்து, 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் என்ற பொது நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். பதினைந்தை யாரும் எதிலும் அளக்கவில்லை.

சரி, இது எங்கே பிறந்தது? என் சந்தேகம் முதலில் அமெரிக்காமேல் விழுந்தது. அங்கே 1971 வரை குதிரைத்திறனை 'கிராஸ்' கணக்கில் விளம்பரப்படுத்தினார்கள். சைலன்சர், ஏர் ஃபில்டர், ஃபேன் எல்லாம் கழற்றிய எஞ்சினை மேடையில் ஓட்டி எடுத்த எண் அது. 1972 மாடலில் இருந்து அவற்றையெல்லாம் மாட்டி எடுத்த 'நெட்' கணக்கு வந்தது. செவ்ரோலே கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் 1971இல் 330 குதிரை, அடுத்த வருடம் 255. காகிதத்திலேயே முக்கால்வாசிச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. இந்தக் குழப்பத்தில்தான் யாரோ ஒருவர் விடுபட்ட குதிரைகளையெல்லாம் கியர் பாக்ஸ் தலையில் கட்டியிருக்க வேண்டும் என்று பழைய கார் பத்திரிகைகளை ராத்திரி ராத்திரியாகப் புரட்டினேன். கதை நன்றாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. கிராஸும் நெட்டும் இரண்டுமே எஞ்சினின் பின்முனையில் அளந்தவை. இரண்டிலும் கியர் பாக்ஸே கிடையாது.

பெரியப்பாவின் பங்குக்கு மட்டும் விடை கிடைத்தது, அதுவும் பரணிலிருந்து. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த காலத்து நோட்டு. இத்தனை டன் வண்டி, இத்தனை சரிவு மலைப்பாதை, ஏறுவதற்கு எவ்வளவு எஞ்சின் சக்தி வேண்டும் என்கிற வகைக் கணக்கு பக்கம் பக்கமாக இருந்தது. கேள்வியின் கடைசி வரியில், கடத்தும் திறன் 85 சதவீதம் எனக் கொள்க. சில கணக்குகளில் டாப் கியருக்கு 90 என்று இருந்தது. தேர்வு எழுத வாத்தியார் கொடுத்த எண்ணை அவர் ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டார். கேள்வித்தாளுக்கு அது சரிதான். இருக்கிற வண்டியை அளந்து பின்னோக்கிப் போகும்போது அதே அனுமானத்தை எடுத்துவந்தால் அதற்கு அளவு என்று பெயர் வைக்கலாமா?

இந்தக் கேள்வியோடுதான் கோயமுத்தூர் கணபதியில் கியர் பாக்ஸ் வேலை பார்க்கும் பெரியவரிடம் போனேன். சதவீதம் என்று ஆரம்பித்தாலே மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேரிங்கைக் கழுவத் தொடங்கிவிடுவார். மறுபடி போனேன். மறுபடியும் அதே கதைதான். ஒரு நாள் அவராகவே கேட்டார்.

"காணாமப் போச்சு போச்சுங்கறீங்களே தம்பி, எங்கீங்க போயிருக்கும்? சூடாத்தான் எங்கியாவது இருக்கும். தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டுப் பார்க்கவில்லை. கணக்காவது போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 82-க்கும் 70-க்கும் நடுவே 12 குதிரை, ஏறத்தாழ 9 கிலோவாட். வீட்டு கீசர் ஒன்று 2 கிலோவாட் என்றால், நாலரை கீசரை அந்தச் சின்ன கியர் பாக்ஸுக்குள் போட்டுவிட்டதுபோல. எஞ்சினுக்காவது ரேடியேட்டர் உண்டு, இதற்கு அதுவும் இல்லை.

பெரியவர் ஒன்றும் விளக்கவில்லை. கழற்றிவைத்த ஒரு கிரவுன் வீலையும் பினியனையும் என் கையில் கொடுத்து உருட்டச் சொன்னார். பின்சக்கரம் ஓடுகிற கார்களில் பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்காருகிறது. பற்கள் உருளுவதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. 90 ஆயில் அதற்காகத்தான், சூடும் அதனால்தான். பெரியப்பாவின் கான்டெஸாவில் இது இருந்தது. முன்சக்கர வண்டியான என் ஸ்விஃப்டில் இந்த ஜோடியே இல்லை, இணையாக ஓடும் கியர்கள் மட்டும்தான். இரண்டுக்கும் ஒரே பதினைந்து!

பட்டறைப் பையனைக் கெஞ்சி, பிரேக் சுமை கொடுக்கும் அந்த டைனோவில் வண்டியை ஒரே வேகத்தில் சிறிது நேரம் நிறுத்தி ஓட்டி, வெப்பமானித் துப்பாக்கியை நீட்டினோம். கியர் பாக்ஸ் மேல்தோடு மெதுவாகத்தான் ஏறியது. டயர் ஏறிய வேகத்தைப் பார்த்து இருவரும் கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். உருளையின் வளைவில் நசுங்கி நசுங்கி நிமிர்கிற ரப்பர் குதிரைகளைத் தின்றுகொண்டிருந்தது. பழி கியர் பாக்ஸுக்கு. உடனே டயரில் காற்றை 33-லிருந்து 22-க்கு இறக்கி மறுபடி இழுத்தோம். சக்கரத்தில் 68. அவன் முறைப்படி வகுத்தால் எஞ்சின் 80. காற்றை இறக்கியதில் எஞ்சின் இரண்டு குதிரை மெலிந்துவிட்டது!

அதன்பின் பதினைந்தின் பூர்வீகத்தில் எனக்கு ஆர்வம் போய், இழப்பையே அளக்க முடியுமா என்பதில் புத்தி போனது. முடியும், ஓரளவுக்கு. இழுப்பு முடிந்ததும் கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக ஓய விட்டால், அது எவ்வளவு வேகமாக ஓய்கிறது என்பதிலிருந்து டயரும் கியரும் பிடித்து இழுக்கும் விசையைக் கணக்கிடலாம். ஜெர்மனியின் மாஹா உருளைகள் அதைச் சக்கரச் சக்தியோடு கூட்டித்தான் எஞ்சின் எண்ணைச் சொல்கின்றன. ஆனால் ஓயும்போது கியர் பற்கள்மேல் எஞ்சினின் சுமை இல்லை, அதனால் உண்மை இழப்பைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். நியூசிலாந்தின் டைனாபேக் சக்கரத்தையே கழற்றிவிட்டு ஹப்பில் நேராக மாட்டுகிறது. டயர் பிரச்சினையே இல்லை. போதாததற்கு, வேகம் கூடும்போது சக்கரங்களையும் தண்டுகளையும் சுழற்றவே ஒரு பங்கு சக்தி போகிறது. மூன்றாம் கியரில் இழுத்த எண்ணும் நான்காம் கியரில் இழுத்த எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை.

இவற்றில் ஆயிலைக் கலக்குவதும் டயர் நசுங்குவதும் பெரும்பாலும் வேகத்தைப் பொறுத்தவை, பல் உராய்வு மட்டும் சுமையோடு ஏறும். ஆகவே 300 குதிரை எஞ்சினை டர்போ வைத்து 600 ஆக்கினால் இழப்பு அப்படியே இரட்டிப்பாகாது. பதினைந்து சதவீதக்காரர்களோ கூசாமல் 90 குதிரையை, அதாவது 67 கிலோவாட்டை, அதே கியர் பாக்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அன்றிலிருந்து சக்கர எண்ணை மட்டும் அச்சடிப்பதாக ஒப்புக்கொண்டான். அடுத்து ரீமேப் செய்த டீசல் வண்டியோடு வந்தவரிடமே கேட்டுவிட்டான்:

"ரிப்போர்ட்ல வீல் போடட்டுங்களா, எஞ்சின் போடட்டுங்களாணா?"

"எது பெருசா வருதோ அதப் போடுங்க."